தவிட்டறையில் இறங்கிய எண்

என் மனைவி வெள்ளை இமைகளோடு வீட்டுக்கு வரத் தொடங்கியது ஒரு பெரும்போக அறுவடைக்குப் பிறகு. அதற்கு முன் பல வருடங்கள் அவள் ஊர் அரிசி ஆலையின் களத்தில் வெயிலில் நின்று, அவித்த நெல்லைக் கிளறிக் காய வைத்தவள். ஆலைக்குப் புது இயந்திரம் வந்ததும் முதலாளி அவளையும் வேறு இரண்டு பெண்களையும் தவிட்டறைக்கு மாற்றினார். அரிசியைத் தீட்டும்போது உதிரும் தவிடு ஒரு குழாய் வழியாக அந்தச் சின்ன அறைக்குள் வந்து கொட்டும். குழாயின் வாயில் சாக்கைப் பிடித்து, நிரம்பியதும் கட்டி, இழுத்து அடுக்குவதுதான் வேலை. வெயில் படாத வேலை என்று அவளுக்குச் சந்தோஷம்.

"என்னகா, மா இடிச்சிற்றா வாறாய்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"ஓம். உங்களுக்குத்தான் புட்டு அவிக்க," என்றாள்.

அந்தச் சிரிப்பு இரண்டு வாரம் நீடித்தது. அவள் தலை முழுகினால் கிணற்றடியில் பழுப்புத் தண்ணீர் ஓடியது. மூக்கைச் சிந்தினால் லேஞ்சித் துணியில் களிபோல ஒட்டியது. ஒரு நாள் அவள் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முற்றத்தில் உதறினேன். எழும்பிய தவிடு வெயிலில் அப்படியே நின்றது, கீழே இறங்கவேயில்லை. காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் இதைத்தானே இவள் உள்ளே இழுக்கிறாள் என்று நினைத்தேன்.

நான் முன்கோபக்காரன். வவுணதீவில் வீதியோரம் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போனை வயல் சேற்றில் போட்டுவிட்டு "சும்மா நிண்டு போயிற்று" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை ஏசுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. இந்த வாயோடு முதலாளியிடம் போனால் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியும். தவிட்டறைக்குள் தவிடு பறக்காமல் வேறு என்ன பறக்கும் என்று அவர் கேட்பார். நான் கத்துவேன். அடுத்த நாள் அவளுக்கு வேலை இருக்காது. வேலையை விட அவளுக்கு மனமில்லை. "வீட்டில இரிந்தா உங்கட மூஞ்சயத்தானே பாக்கணும்" என்பாள். ஆகவே கத்தாமல் காட்டுவதற்கு என் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு எண் இருந்தால் போதும் என்று தோன்றியது.

காற்றில் மிதக்கும் தூசியை எண்ணுகிற சென்சர் ஒன்றை இணையத்தில் வரவழைத்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். அந்தக் காற்றின் குறுக்கே லேசர் ஒளி போகும். தூசி பட்டு ஒளி சிதறுவதை ஒரு கண் பார்த்து எண்ணும். ஆய்வுகூடத்துப் பெரிய கருவி செய்வதைக் கொஞ்சம் நுட்பம் குறைவாக, மலிவாகச் செய்து தரும், அவ்வளவுதான். பழைய போனில் கழற்றிய பற்றரி, ஒரு மெமரி கார்ட், சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பூட்டினேன். காற்றுப் போய்வர ஈயம் உருக்கும் கம்பியால் பக்கத்தில் துளைகள் போட்டேன். கடையில் வைத்தால் எண் இரண்டு இலக்கத்தில் நின்றது. நுளம்புக்குப் புகைத்திரி கொளுத்தினால் மூன்று இலக்கத்துக்குத் தாவியது. வாவிப் பக்கத்து ஈரக் காற்று வந்தால் கொஞ்சம் ஏறி, வெயில் வந்ததும் இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லோரையும் அதன்மேல் ஊதிப் பார்க்கச் சொன்னேன்.

ஆலைக்குள் கொண்டுபோகத்தான் அவள் பயந்தாள்.

"ஆரும் கண்டு கேட்டா?"

"சோறு எண்டு சொல்லு."

"சோத்துக்குள்ள என்னத்துக்கு வயர் எண்டு கேட்டா?"

"இடியப்பம் எண்டு சொல்லு."

சிரித்துக்கொண்டு அனுப்பினேனே தவிர, அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ ஒருவருடைய போனின் நல்ல கண்ணாடியை உடைத்தேன். வீதியில் சைக்கிள் மணி கேட்டால்கூட, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்தேன். பின்னேரம் அவள் வந்து பெட்டியை மேசையில் வைத்தாள். சாக்கு அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாளாம். முதலாளி இரண்டு தரம் உள்ளே வந்து போனாராம். இரண்டு தரமும் அவள் அந்த அடுக்கின்மேல் சாய்ந்துகொண்டு நின்றாளாம்.

கார்டைப் போட்டுப் பார்த்தேன். இயந்திரம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எண் மூன்று இலக்கத்தின் உச்சிக்குப் போயிருந்தது. அதற்குமேல் எண்ண அந்தச் சென்சருக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் இறங்கி, மறுபடியும் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.

"இத நான் பெட்டி இல்லாமலே சொல்லியிருப்பனே," என்றாள் அவள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் நகரத்துக்குப் போய்த் தடித்த மாஸ்க்குகள் வாங்கி வந்தேன். மூன்று பெண்களும் போட்டுக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் முதலாளியிடம் போனேன்.

எண் ஏறி இறங்கியதைக் காட்டும் கோட்டை அவர் என் போனில் நெடுநேரம் பார்த்தார். "இத என்னெண்டு எடுத்த?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் கறுத்துப் போயிற்று.

"என்ட மில்லுக்குள்ள, என்னக் கேக்காம, களவாப் பெட்டி வெச்சிரிக்காய்."

தவிட்டறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து என் மனைவி சாக்கைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. இவர் ஒரு சொல் சொன்னால் மூன்று பேரும் வெளியே. வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் யாரோடும் பேசியதில்லை.

"பிழைதான் முதலாளி. ஆனா எண் பொய் இல்ல."

அவர் தவிட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி தம்பி. சுவரில ரெண்டு விசிறி பூட்டுறன், தூசிய வெளிய இழுக்கட்டும். நீயும் பெட்டிய ஒளிக்காம எல்லாரும் பாக்கிற மாதிரிச் சுவரில வெய். எண் கொறஞ்சா கதை முடிஞ்சிற்று. கொறையாட்டி, தூசி பிடிக்கிற பெரிய மெஷின் எடுக்கிறன். சம்மதமா?" என்றார்.

சண்டைக்குப் போன எனக்கு இப்படியொரு நியாயமான பேச்சு கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. சம்மதித்தேன். சிவப்பு எழுத்தில் எண் தெரிகிற மாதிரிப் பெட்டியைத் திருத்திச் சுவரில் அடித்தேன்.

விசிறி பூட்டிய அன்று எண் கொஞ்சம் இறங்கியது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வாரம் இன்னும். சனிக்கிழமைதோறும் நான் போய்க் கார்டை எடுத்து வருவேன். ஒரு சனிக்கிழமை அது இரண்டு இலக்கத்துக்கே வந்திருந்தது. முதலாளி தோளில் தட்டி, "எங்கட எஞ்சினியர்" என்றார். வேறு ஆலைக்காரர்களைக் கூட்டிவந்து சுவரைக் காட்டினார். கிரான் ஊர் ஆலைக்காரர் ஒருவர் தனக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று கடைக்கே வந்துவிட்டார். நான் அடக்கமானவன் போல நடித்தேன்.

விசிறியால் குறைவதென்றால் விசிறி பூட்டிய அன்றே குறைந்து நின்றிருக்க வேண்டும். ஏன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகிறது என்று நான் கேட்கவில்லை. வேறொருவன் செய்த பெட்டி என்றால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும். என் பெட்டி என்பதால் கேட்கத் தோன்றவில்லை.

அது கச்சான் என்கிற அனல்காற்று வீசுகிற காலம். வெக்கையில் வீட்டுக்குள்ளேயே இருக்க முடியாது. மாஸ்க்கின் நாடா அறுத்து அவளுக்குக் காதின் பின்னால் புண் வந்துவிட்டது. ஒரு பின்னேரம் அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இனி அது தேவையில்லகா," என்றேன். "என்ட கடைக்குள்ள இரிக்கிற காத்துத்தான் இப்ப அங்கயும். கழட்டிரு."

"மெய்யாத்தானா? எனக்கு அங்க அப்பிடித் தெரியல்லயே."

"எண் சொல்லுது."

அவள் கழற்றினாள். அவள் கழற்றியதைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் கழற்றினார்கள்.

பிறகு அவளுக்கு இருமல் வந்தது. தடிமன் என்றேன். கச்சான் காற்றுக்கு ஊரே இருமுகிறது என்றேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். முன்பெல்லாம் வாசல் படலையில் என்னை ஏசத் தொடங்கினால் குசினி அடுப்படி வரைக்கும் ஒரே மூச்சில் ஏசி முடிப்பாள். இப்போது பாதி வழியில் சுவரைப் பிடித்து நின்று, மிச்சத்தைப் பிறகு ஏசினாள். "என்னகா, ஏச்சுக்கும் இடைவேள விடுறாய்?" என்று பகிடி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை வரைக்கும் பொறுக்காமல் ஆலைக்குப் போய் எண்ணைப் பார்த்தேன். போன வாரத்தைவிடக் குறைவாக இருந்தது. நிம்மதியாகத் திரும்பி வந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் பேக்கரி வைத்திருப்பவர் ஒருவர் போனைக் கொண்டுவந்தார். பேசுகிறவரின் குரல் கேட்கவில்லை என்றார். திறந்து பார்த்தேன். காதில் வைக்கிற இடத்துச் சின்ன வலை கோதுமை மாவால் முழுக்க அடைத்துப் போயிருந்தது.

"இஞ்ச பாருங்க, அடைச்சுப் போயிரிக்கி. இதுக்குள்ளால என்னெண்டு கேக்கும்?" என்று வழக்கம்போலப் பாய்ந்தேன்.

"எனக்கு என்னடா தம்பி தெரியும்?" என்றார் அவர். "நாளுக்கு நாள் கொறஞ்சு கொறஞ்சு வந்திச்சு. அங்கால இரிக்கிற ஆக்கள்தான் மெதுவாக் கதைக்காங்க எண்டு நான் நெனச்சன்."

துலக்குகிற தூரிகை என் கையில் அப்படியே நின்றது. நாளுக்கு நாள் குறைந்து குறைந்து. அவர் கையில் பாதி திறந்த போனையே கொடுத்து, பிறகு வாங்க என்று சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினேன். மோட்டார் சைக்கிளில் ஆலைக்குப் பறந்தபோது ஹெல்மெட் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பெண்களும் வெறும் முகத்தோடு நின்றார்கள். அவர்களுக்கு மேலே சுவரில் சிவப்பாக இரண்டு இலக்கம். நான் பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்துத் திறந்தேன். சென்சரின் வாயில் தவிடு அடை போல இறுகிக் கிடந்தது. அரிசித் தவிட்டில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, ஈரக் காற்றும் சேர்ந்து அது ஒட்டிக் காய்ந்துவிட்டது. குட்டி விசிறி சுற்றவில்லை. எத்தனை நாளாகச் சுற்றவில்லையோ தெரியாது. அறையின் காற்று உள்ளேயே போகவில்லை. உள்ளே அடைபட்டுக் கிடந்த கொஞ்சக் காற்றைத்தான் அது திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தது.

தூரிகையால் சுரண்டினேன். ஊதினேன். அவசரத்தில் இரண்டு தரம் திருகாணி கீழே விழுந்தது. விசிறி ஒரு தரம் உதறிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. பெட்டியைத் திரும்பச் சுவரில் மாட்டினேன். இரண்டு இலக்கம் மூன்றானது. மூன்று ஏறி, ஏறி, முதல் நாள் முட்டிய அதே உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

முதலாளி எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் பிறகுதான் கண்டேன். என் மனைவி பாதி நிரம்பிய சாக்கைப் பிடித்தபடி எண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தோளில் கிடந்த துவாயை எடுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"முதலாளி, மெஷின நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

அவர் நிறுத்தினார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார், தூசி பிடிக்கிற இயந்திரம் பிறகு வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த நாள் அவளை நகரத்துக்கு, நெஞ்சு நோய் பார்க்கிற கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். பெண் டொக்டர் ஒருவர் அவளை ஒரு குழாய்க்குள் ஊதச் சொன்னார். ஊதி முடித்து அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அதனால் டொக்டர் என்னைக் கேட்டார்.

"இருமல் எப்ப தொடங்கின?"

நான் போனை எடுத்தேன். அந்த அறையின் காற்று நிமிடத்துக்கு நிமிடம், திகதியோடு, நேரத்தோடு என்னிடம் இருந்தது. டொக்டர் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"இது அறையிட கணக்கு. நான் கேட்டது இவங்கட இருமல," என்றார்.

யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. மாதம்கூடத் தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்தவன் நான்.

"மாஸ்க்கக் கழட்டி நாலாம் நாள், டொக்டர்," என்றாள் என் மனைவி. "பின்னேரம், தேங்காய் திருவக்குள்ள."

"ஏன் கழட்டின நீங்க?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "வெக்கையில ஏலாமப் போயிற்று," என்றாள்.

"நான்தான் கழட்டச் சொன்னன்," என்றேன்.

டொக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். குழாயை அவளிடம் நீட்டி, இன்னொரு தரம் ஊதச் சொன்னார். அவளால் பாதிதான் ஊத முடிந்தது.