நூறாவது சட்டை இருந்த வீடு

தனிலோவ்கிராட் ஊரைச் சேர்ந்த கோய்கோ புலாயிச் பதினேழு ஆண்டுகளாக எங்கள் தேசியக் கால்பந்து அணியின் உடைப் பொறுப்பாளராக இருந்தார். ஜெர்சிகளைத் துவைப்பதும், தேய்ப்பதும், காலணிகளில் ஒட்டிய சேற்றைச் சுரண்டுவதும், ஆட்ட நாளில் அவரவர் கொக்கியில் அவரவர் சட்டையை மாட்டி வைப்பதும் அவருடைய வேலை. தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே இருப்பார். ஆட்டத்தின்போது அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அணி தோற்ற நாள்கள் உண்டு, பயிற்சியாளர்கள் மாறிய ஆண்டுகள் உண்டு. கோய்கோ ஒரு காலணிக் கயிற்றை மறந்தார் என்று சொல்ல மட்டும் ஒருவராலும் முடியாது. பதினேழாம் ஆண்டில் அவர் மறந்தது ஒரு கயிறல்ல, அணித்தலைவனின் சட்டை. அதுவும் அவனுடைய நூறாவது ஆட்டத்தில். நாட்டிலேயே புகழ்பெற்ற அந்தச் சட்டையை அவர் ஏன் மறந்தார் என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பால்ஷா லகிச்சேவிச் நாட்டுக்காக முதன்முறை ஆடியபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. கடைசிப் பதினொரு நிமிடங்களுக்குத்தான் களமிறங்கினான். எட்டாம் எண் ஜெர்சி அவனுக்கு ஓர் அளவு பெரியது என்பதால் கோய்கோ முதுகுப் பக்கம் இரண்டு ஊக்குகளைக் குத்தி இறுக்கிவிட்டார். சட்டையைக் கையில் கொடுக்கும்போது, "சுத்தமா திருப்பிக் கொண்டுவந்தே, வாங்க மாட்டேன்" என்றார். அவன் அரைமணி நேரத்தில் சேறும் புல்லுமாகத் திரும்பி வந்தான். ஊக்கு ஒன்று திறந்துகொண்டு அவன் முதுகில் கோடு போட்டிருந்தது.

"கோய்கோ அண்ணே, என்னோட முதல் சர்வதேசக் காயம் எதிரணி குடுத்ததில்ல. நீங்க குடுத்தது."

"தையல் போடணுமா? ஊசி என்கிட்டதான் இருக்கு, திரும்பு."

அன்று முதல் ஒவ்வோர் ஆட்டத்திலும் மற்றவர்களின் சட்டைகள் கொக்கியில் தொங்கும்; எட்டாம் எண் மட்டும் கோய்கோவின் கையிலிருந்து பால்ஷாவின் கைக்குப் போகும். கழுத்துப் பட்டையின் உள்புறம் எத்தனையாவது ஆட்டம் என்பதை அவர் பென்சிலால் எழுதிவைப்பார். அதே வாசகத்தையும் தவறாமல் சொல்வார். இருபத்தைந்து வயதில் பால்ஷா அணித்தலைவன் ஆனான். அவன் பெயரைக் குழந்தைகளுக்கு வைத்தார்கள். தலைநகர் போட்கோரிட்சாவில் ஒரு ரொட்டிக்கடைக்கும் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு நவம்பர் பதினைந்தாம் தேதி, பெரிய போட்டி ஒன்றுக்குத் தகுதிபெற வேண்டிய கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், அவன் பெனால்டியை வானத்துக்கு அடித்தான். பந்து மொராச்சா ஆற்றில் விழுந்து கடலுக்கே போய்விட்டதாக ஊரார் பேசினார்கள். மறுநாள் நண்பகலில் கோய்கோ வீட்டு வாசலில் அவன் நின்றான். மேலங்கிக்கு உள்ளே முந்தைய நாள் ஜெர்சி அப்படியே இருந்தது.

நவம்பர் பதினாறு, புலாயிச் குடும்பத்துப் புனிதரின் நாள், அவர்களுடைய ஸ்லாவா. அன்று வாசல் திறந்தே கிடக்கும். யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால், 'அழைக்காவிட்டால் நீ அந்நியன்' என்று சொன்னதாக ஆகிவிடும். ஒரு முறை வந்தவர் ஆண்டுதோறும் வருவார். வீட்டுத் தலைவன் விடியற்காலையில் மெழுகுவர்த்தி ஏற்றியது முதல் கடைசி விருந்தாளி எழுந்து போகும்வரை உட்காரக் கூடாது. வீட்டை விட்டுப் போகவும் கூடாது. வருபவர் யார், ஏன் வந்தார் என்று கேட்பதும் இல்லை.

ஆகவே பால்ஷாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. கோய்கோவின் மனைவி மிலேவா, தேன் கலந்து வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி நீட்டினாள். அறை நிறைந்த மனிதர்களில் ஒருவர் மட்டும் பழச்சாராயக் குப்பிகளைக் காட்டி வாய் திறந்தார்: "தம்பி, உனக்கு எந்த ராக்கியா? திராட்சையா, பிளம்ஸா?" நாடே முகம் திருப்பிக்கொண்ட அன்று அவனிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். அதன்பின் பத்து ஆண்டுகள் அவன் அந்த நாளைத் தவறவிடவில்லை. ஒரு முறை காலில் மாவுக்கட்டுடன் வந்தான்.

நவம்பர் நடுவில் அணி எப்படியும் கூடும். ஆனால் ஆட்டம் பதினான்கில் வரும், பதினேழில் வரும். பதினாறில் ஒருபோதும் வந்ததில்லை. அந்த ஆண்டு வந்தது. பால்ஷாவுக்கு முப்பத்தாறு வயது. அது அவனுக்கு நூறாவது ஆட்டம். அதோடு ஓய்வு பெறுவதாகவும் அறிவித்திருந்தான். ஆட்டம் போட்கோரிட்சாவில், சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. கோய்கோவால் வீட்டை விட்டு வர முடியாது. அவருக்குப் பதில் நிற்க மகனும் இல்லை. முந்தைய மாலையே எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போவதாகவும், எட்டாம் எண்ணை உதவியாளர் நோவிட்சா கொடுக்கட்டும் என்றும் ஏற்பாடு செய்தார். அந்தச் சட்டையைப் பிறர் கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழியில்லை.

தவறு புதன்கிழமை நடந்தது. பயிற்சி முடிந்து வந்த பால்ஷாவிடம் துண்டைக் கொடுத்தபடி, அன்பு மிகுதியில் கோய்கோ சொன்னார்: "சனிக்கிழமை நீ வீட்டுக்கு வராதேடா. மேட்ச் இருக்கு. நல்லாத் தூங்கு."

பால்ஷா துண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "சரி" என்றான். அன்று உடை அறைக்குக் காபி குடிக்க வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை, துண்டை நோவிட்சாவிடம் வாங்கிக்கொண்டான்.

வியாழன் மாலை மிலேவா மேசையில் கோதுமையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பையனுக்கு என்னமோ ஆயிடுச்சு. நூறாவது மேட்ச்னு பயப்படுறான் போல" என்றார் கோய்கோ.

"அவனா பயப்படுறவன்? நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. சனிக்கிழமை வராதே, தூங்குன்னு சொன்னேன்."

மிலேவாவின் கை நின்றது. "மறுபடி சொல்லு."

"வராதேன்னு…" பாதியிலேயே கோய்கோவுக்கும் தான் சொன்னது காதில் விழுந்தது.

"ஸ்லாவாவுக்கு வர்ற விருந்தாளியை வராதேன்னியா? ஏன் மனுஷா, உங்க அப்பன், பாட்டன் யாராச்சும் இப்படிச் சொன்னதுண்டா? எதிரி வந்தாலும் கரண்டியை நீட்டுற வீடு இது! கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். நான் எப்பேர்ப்பட்ட முட்டாளோட குடித்தனம் பண்றேன்னு இன்னிக்குத்தான் தெரியுது!"

"நல்லதுக்குத்தான்டி சொன்னேன்."

"நல்லதுக்கு! அப்போ புனிதரையும் வராதேன்னு சொல்லிடு. அவரும் தூங்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை கோய்கோ அவனைத் தேடிப் போனார். "தம்பி, அன்னிக்கு நான் சொன்னது…" என்று தொடங்கினார். "ஆமாண்ணே, மேட்ச் இருக்கே. தூங்கணுமில்ல" என்றான் பால்ஷா, மிகுந்த மரியாதையுடன். பதினேழு ஆண்டுகளில் அவன் அவரிடம் மரியாதையாகப் பேசியது அதுவே முதல் முறை. வா என்று சொல்லவும் வழக்கம் இடம் தராது. வராதே என்று சொல்லி ஒரு தவறு செய்தாயிற்று. வா என்று சொன்னால் இரண்டாவது தவறு. நாளை அவன் வராவிட்டால் இனி எந்த ஆண்டும் வரமாட்டான்.

அன்று மாலை ஆடுகளத்தின் உடை அறையில் இருபத்து மூன்று கொக்கிகளையும் கோய்கோ வரிசையாகப் பார்த்தார். இருபத்திரண்டில் சட்டைகளை மாட்டினார். எட்டாம் எண் சட்டையையும் அதற்கான மாற்றுச் சட்டையையும் தாளில் சுற்றித் தம் பழைய காரின் முன்னிருக்கையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய கைபேசி ஒலித்தது. வீட்டில் அதற்குள் பன்னிரண்டு விருந்தாளிகள்.

"கோய்கோ அண்ணே, என் சட்டையைக் காணோமாம். நோவிட்சா அழுதுட்டிருக்கான்."

"காணாமப் போகலை. என் வீட்டுல இருக்கு. தேய்ச்சு, சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்குது."

"யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்க."

"ஸ்லாவா அன்னிக்கு வீட்டுலேருந்து பொருள் வெளிய போகாதுடா."

"இது எப்போலேருந்து?"

"இன்னிக்குக் காலையிலேருந்து."

"அப்போ நீங்க கொண்டு வாங்க."

"வீட்டுத் தலைவன் படி தாண்டக் கூடாது. அது உனக்கே தெரியும்."

"அண்ணே, நீங்க என்னைக் கூப்பிடுறீங்களா?"

"ஸ்லாவாவுக்கு யாராவது யாரையாவது கூப்பிடுவாங்களா? சட்டை எங்க இருக்குன்னு கேட்டே, சொன்னேன். அவ்ளோதான்."

பயிற்சியாளர் முதலில் கத்தினார்; பிறகு தலையில் கை வைத்தார்; பிறகு கணக்குப் போட்டார். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். ஆனால் ஆட்ட நாளில் அணித்தலைவனைத் தனியாக அனுப்ப அவர் தயாராக இல்லை. "மொத்தப் பேரும் பஸ்ல ஏறுங்க. பால்ஷா மட்டும் இறங்குவான், சட்டையை வாங்குவான், ஏறுவான். ரெண்டு நிமிஷம். வேற யாரும் சீட்டை விட்டு எழுந்திரிக்கக் கூடாது!"

இந்நாட்டில் பிறந்து வளர்ந்த மனிதர் எப்படி அவ்வாறு நம்பினார் என்பது இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

பேருந்து வீட்டு வாசலில் நின்றது. பால்ஷா இறங்கி வாசற்படிவரை போனான். அவனைக் கடந்து மிலேவா மாவு படிந்த கைகளோடு சாலைக்கே வந்து, பேருந்துக் கதவைத் தட்டினாள்.

"யாருப்பா உள்ளே? எழவு வீட்டுக்கு வந்தவங்களா, வாசல்ல உக்காந்திருக்க?"

"அக்கா, எங்களுக்கு மேட்ச்" என்றார் பயிற்சியாளர் ஈனக்குரலில்.

"மேட்ச் மூணு மணிக்கு. என் கோதுமை இப்போ. இறங்குங்க!"

மற்ற இருபத்திரண்டு ஆட்டக்காரர்களும், மருத்துவரும், ஓட்டுநரும், கடைசியில் பயிற்சியாளரும் இறங்கினார்கள். ஒவ்வொருவராகச் சிலுவைக்குறி இட்டு, ஒரு கரண்டி கோதுமை வாங்கினார்கள். நாற்காலி போதாமல் கோல்காப்பாளன் விறகுக் குவியலின் மேல் அமர்ந்தான். சுட்ட ஆட்டிறைச்சியின் மணம் வரும் திசையையே எல்லோரும் பார்த்தார்கள். "ஒரு கரண்டி! ஒரே ஒரு கரண்டி! இறைச்சியைத் தொட்டவன் ஆடமாட்டான். ராக்கியாவைத் தொட்டவன் பெஞ்ச்சுலகூட உக்கார மாட்டான்!" என்று அறை அறையாக ஓடினார் பயிற்சியாளர். ஓட்டுநர் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

புனிதர் படத்தருகே தொங்கிய சட்டையை கோய்கோ எடுத்தார். கழுத்துப் பட்டையின் உள்ளே பென்சிலில் 'நூறு' என்று இருந்தது.

"தம்பி, புதன்கிழமை நான் பேசினது தப்பு."

"புதன்கிழமையா? அன்னிக்குக் காத்து பலமா அடிச்சுதுண்ணே. எனக்கு ஒண்ணுமே காதுல விழலை."

"விழலையா?"

"விழுந்திருந்தா வந்திருப்பேனா?" பால்ஷா கையை நீட்டினான். "எனக்கு ஒரு வாக்கியம் பாக்கி இருக்கு. அதைச் சொல்லுங்க, பஸ் கிளம்பணும்."

கோய்கோ மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சுத்தமா திருப்பிக் கொண்டுவந்தே, வாங்க மாட்டேன்."

ஆட்டத்தை விருந்தாளிகள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். கோய்கோ வழக்கம்போல் நின்றுகொண்டே பார்த்தார். அன்று நிற்பதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. பால்ஷா கோல் எதுவும் அடிக்கவில்லை; அவன் உதைத்த கார்னரிலிருந்துதான் எங்கள் கோல் வந்தது. எண்பத்தாறாம் நிமிடத்தில் அவனை வெளியே அழைத்தபோது ஆடுகளம் முழுவதும் எழுந்து நின்றது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் கோய்கோ வீட்டு வாசலில் ஒரு தட்டு உடைந்தது. உடைத்தது தான்தான் என்று மிலேவா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆறு மணிக்கு, மேலங்கிக்குள் அதே ஜெர்சியுடன், பால்ஷா மறுபடியும் வாசலில் நின்றான். முன்பக்கம் முழுவதும் சேறு. அவன் கழற்றிக் கொடுத்ததும் கோய்கோ அதைத் தூக்கி விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்கிக்கிறேன்" என்றார். பிறகு, "திராட்சையா, பிளம்ஸா?" என்று கேட்டார்.

அந்த இரவு பாத்திரம் கழுவும்போதுதான் மிலேவாவுக்கு உறைத்தது. "மனுஷா, இன்னிக்குப் புதுசா எத்தனை பேர் வந்தாங்க?"

"இருபத்தஞ்சு."

"ஒரு தடவை வந்தவங்க…"

"ஆமா" என்றார் கோய்கோ.

அடுத்த ஆண்டு நவம்பர் பதினாறுக்கு அவர்கள் இரண்டு ஆடுகள் சுட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சுகள் வாங்கிப் போட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு, மெழுகுவர்த்தி ஒரு விரலளவுகூடக் கரையாதபோது, முதல் விருந்தாளி வந்தார். வசந்தத்தில் வேலையிழந்திருந்த பயிற்சியாளர்தான் அவர். கோதுமையை வாங்கி உண்டுவிட்டு, ராக்கியாக் கோப்பையை நோக்கிக் கை நீட்டினார்.

"தொட்டா பெஞ்ச்சுலகூட உக்காரக் கூடாதே?" என்றார் கோய்கோ.

"அதான் நிறையப் போட்டு வச்சிருக்கியே" என்று பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார் பயிற்சியாளர்.