மஞ்சளில் குளித்த காளான்

எங்கள் அடுக்களை ஜன்னலில் நின்றால் காவு தெரியும். காவு என்றதும் பெரிய காட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். சுற்றிலும் ரப்பர், நடுவில் ஒரு துண்டு நிலம். அதில் விளக்கு வைத்துக் கும்பிடும் சில நாகர் கற்கள், பின்னிக்கிடக்கும் கொடிகள், கோடாலி படாத பழைய தம்பக மரங்கள். பாறசாலைக்குப் பக்கத்தில், என் கணவரின் குடும்பத்துக்குச் சொந்தமான இடம். மழை பிடித்த வாரத்தில் ஒரு காலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த மரங்களின் அடியில் பழுப்புத் தொப்பிகள் தெரிந்தன. முற்றிய ஒன்றின் ஓரம் மேல்நோக்கி மடங்கியிருந்தது. அந்த மடிப்பில் பளீரென்று மஞ்சள். கையிலிருந்த டம்ளர் தொட்டிக்குள் விழுந்தது.

நான் காளான் படிக்கிறவள். என் ஆய்வின் கடைசி அத்தியாயம் ஒரே ஒரு காளானுக்காக நின்று போயிருந்தது. போலீட் என்று ஒரு குடும்பம் உண்டு. அந்தக் குடும்பத்தில் தொப்பிக்கு அடியில் பஞ்சு மாதிரி நுண்ணிய துளைகள்தான் இருக்கும். இந்தக் காளான் அந்தக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, துளைக்குப் பதில் மீன் செவுள் போலத் தடித்த மஞ்சள் மடிப்புகளை வைத்துக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவர்களெல்லாம் வேறு வீட்டுப் பெண் என்றே நினைப்பார்கள். அதனாலோ என்னவோ, எனக்கு இதன்மேல் ஒரு தனிப் பிரியம்.

முந்தின வருடம் நெய்யாற்றுக்கு மேலே மலைக்காட்டில் இதைக் கண்டேன். அப்போது கிடைத்தது முற்றிப்போனதும் புழு தின்றதும்தான். ஒரு புது இனத்தை விவரிக்க அது போதாது. மொட்டாக இருக்கும்போது தொப்பி என்ன நிறம், அழுத்தினால் மஞ்சள் நீலமாகுமா, எவ்வளவு நேரத்தில் ஆகும், அமோனியா ஒரு சொட்டு விட்டால் என்ன ஆகும், இதெல்லாம் மண்ணிலிருந்து எடுத்த உடனே பார்த்து எழுத வேண்டியவை. உலர்ந்துவிட்டால் எல்லாக் காளானும் பழைய தோல்செருப்புதான். "இளசா ஒண்ணு கிடைக்காம இந்த அத்தியாயத்தைக் கொண்டு வராதீங்க" என்று என் வழிகாட்டி முடிவாகச் சொல்லியிருந்தார்.

ஆய்வு முடிந்தால் நான் பெங்களூருவில் வேலை பார்க்கும் கணவரிடம் போய்விடலாம். கல்யாணத்தின்போதே பேசியது அது. முடிகிற வரை இந்த வீட்டில், தனியாக இருக்கும் மாமியாருக்குத் துணையாக. துணை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் வருடம் ஏற ஏற, நெடுஞ்சாலையில் அமரவிளைப் பக்கமாக ஊரை விட்டுப் போகிற ஒவ்வொரு பஸ்சையும் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு ஆகியிருந்தேன். ஆக, அந்தக் காளான்தான் என் டிக்கெட். அது கூப்பிடு தூரத்தில் முளைத்து நிற்கிறது. என்னால் போய் எடுக்க முடியவில்லை.

காரணம், புல. சாவுத் தீட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மழை தொடங்குவதற்கு முந்தின நாள் அதியன்னூரில் என் கணவரின் பெரியப்பா இறந்துபோனார். நான் அவரைப் பார்த்ததே கல்யாணப் பந்தலில் ஒருமுறைதான். ஆனால் பங்காளி வீடு. பதினாறு கழிகிற வரை எங்களில் யாரும் கோயிலுக்குப் போகக்கூடாது, காவில் கால் வைக்கக்கூடாது. கணவர் சிதைக்கு வந்துவிட்டு, பதினாறுக்கு வருகிறேன் என்று திரும்பிப் போய்விட்டார். அவருக்குத் தீட்டோடு ரயிலேற முடிந்தது. எனக்குப் பின்வாசல் தாண்ட முடியவில்லை.

கைகூட துடைக்காமல் மாமியாரிடம் ஓடினேன்.

"மாமி, ஒரு அஞ்சு நிமிசம் போயிட்டு வந்திருவேன்."

"புல கழியட்டு மக்கா. காளான் எங்க போவும்?"

எங்கே போகுமா? மறுநாள் புழு ஏறும், அதற்கு மறுநாள் குழைந்து சேறாகும். காளான் போகிற வேகத்தில் வேறு எதுவும் போகாது. இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் தலையைத் தடவிவிட்டு, கட்டன்சாயா போட்டுத் தந்தார். அதுதான் என்னைக் கொன்றது. யாராவது கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு வாய்க்குக் குறைவில்லை. அன்பாகப் பிடித்து வைத்திருக்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? அன்று முழுக்க ஜன்னலை விட்டு நகரவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது. தொப்பிகள் விரிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது மாமியார் அடுக்களையில் சிரித்த முகமாக நின்றிருந்தார். மேசையில் ஒரு வாழையிலை. இலையில் என் காளான்கள், ஈரமாக, வரிசையாக.

"பக்கத்து வீட்டு டீச்சரிட்ட சொல்லிப் பறிச்சாச்சு. அவங்களுக்கு எந்தப் புல? நீ நேத்து முழுக்க முகத்தத் தூக்கிட்டு நின்னியே, பாத்துட்டு இருக்க ஒக்குமா?"

பக்கத்து வீட்டு டீச்சர் பழைய மிஷன் சபைக் கிறிஸ்தவக் குடும்பம், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். நல்ல மனசோடு பறித்திருக்கிறார், கறிக்குப் பறிக்கிற மாதிரி. காம்பையெல்லாம் கத்தியால் வெட்டிக் கழித்திருந்தார். ஒரு காளானுக்குக் காம்பின் அடி எவ்வளவு முக்கியம் என்று யாரிடம் போய் அழ? இருந்தாலும் செவுள்கள் முழுசாக இருந்தன. நான் எதிர்பார்த்ததைவிட அடர்ந்த மஞ்சள். அமோனியா பாட்டிலை எடுத்து வந்து ஒரு சொட்டு விட்டேன்.

சிவந்தது.

இந்த வகையில் நீலமாகும், பச்சையாகும், ஒன்றும் ஆகாமலும் போகும். சிவந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. இன்னொன்றில் விட்டேன். அதுவும் சிவந்தது. தொப்பியில் விட்டேன், அதுவும். உடனே வழிகாட்டிக்குப் போன் செய்தேன். அவர் மெதுவாக, "நிச்சயமா?" என்றார். "நிச்சயம் சார், கண் முன்னால நடக்குது" என்றேன். பெங்களூருக்கே போய் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அப்போதுதான் வாழையிலையைப் பார்த்தேன். ஒரு சொட்டு அதிலும் சிந்தியிருந்தது. இலையும் ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்திருந்தது.

"மாமி, இதில மஞ்சள் போட்டீங்களா?"

"பின்ன? மஞ்சத் தண்ணியில இட்டு வைக்காம ஆராவது காளான் எடுப்பாங்களா? விஷம் உண்டெங்கி போவும்லா."

போனில் வழிகாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. நான் சிரிக்கவில்லை. அமோனியா பட்டுச் சிவந்தது காளான் இல்லை, மஞ்சள். தரையில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. மதில் பக்கம் போய் டீச்சரைக் கூப்பிட்டார்.

"டீச்சரே, இனி அங்க உண்டா?"

"எல்லாம் எடுத்தாச்சு. ஒரு குஞ்சு மொட்டு மட்டும் உண்டு. கறிக்குக் காணாதுன்னு விட்டுட்டேன்."

மொட்டு. எனக்கு வேண்டியதே அதுதான்.

மறுபடியும் டீச்சரை அனுப்பலாம். அவர் மறுபடியும் வெட்டிக்கொண்டு வருவார். வேண்டாம். எழுந்து முகம் கழுவினேன். கூடை, கத்தி, நிற அட்டை, அமோனியா எல்லாம் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். மாமியார் வாசலில் நின்றிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. என் கால்களைப் பார்த்தார்.

"செருப்பக் கழத்திட்டுப் போ" என்றார்.

வெறுங்காலோடு போனேன். தம்பக மரத்தின் வேரோரம், சருகைத் தள்ளிக்கொண்டு அது நின்றது. தொப்பி மான்தோல் போல மிருதுவாக, செம்பழுப்பாக. அடியில் செவுள்கள் எலுமிச்சை மஞ்சள், காம்பில் இறங்கி ஓடுகின்றன, ஒன்றை ஒன்று குறுக்கு நரம்புகளால் பிடித்துக்கொண்டு. கட்டைவிரலால் அழுத்தினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தயங்கித் தயங்கி ஒரு நீலம் வந்தது. தொப்பியில் அமோனியா விட்டதும் பச்சை கலந்த நீலம் பூத்து, கொஞ்ச நேரத்தில் அடங்கியது. காம்படியில் வெள்ளைப் பூஞ்சை இழைகள். எல்லாவற்றையும் அங்கேயே குந்தியிருந்து எழுதினேன். முதுகில் மழைத்துளி விழுந்துகொண்டிருந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

சாயங்காலம் கணவரின் சித்தப்பா வந்தார். காவில் விளக்கு வைக்கும் பொறுப்பு அவருடையது. அவருக்கும் புல என்பதால் உள்ளே போகாமல் வெளியே நின்று பார்த்தே சேற்றில் கால்தடங்களைக் கண்டுபிடித்திருந்தார்.

"ஆரு காவுல கேறினது?"

"நான்தான்" என்றேன். சண்டைக்குத் தயாராகவே நின்றேன். அன்றைக்கு அவர் என்ன சொல்லியிருந்தாலும் பெட்டியைத் தூக்கியிருப்பேன்.

மாமியார் என் முன்னால் வந்து நின்றார். "நான் சொல்லித்தான் போனா. கேக்குறதானா என்னையாக்கும் கேக்கணும்."

சித்தப்பா தன் அண்ணியை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். பதினாறுக்குப் பிறகு காவின் தீட்டுக் கழியப் புண்ணியாகம் செய்ய வேண்டும், செலவு இந்த வீட்டுக்கு என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். நான் தயாராக வைத்திருந்த சண்டை அப்படியே என்னிடம் தங்கிவிட்டது.

மொட்டின் பாதியை அடுப்புக்கு மேல் கம்பி வலையில் உலர வைத்திருந்தேன். மாமியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"இத எழுதி முடிச்சா நீ அவன்கிட்ட போயிருவ, இல்லியா?"

"ஆமா மாமி."

"ம். எனக்கும் தெரியும்."

துண்டு கருகிவிடாமல் ஸ்பூனால் மெல்லத் திருப்பிப் போட்டார்.

அத்தியாயம் முடிந்தது. மஞ்சளில் குளித்த தொப்பிகளின் வித்துக்களும் நுண்ணோக்கிக்கு உதவின, வழிகாட்டிக்குத் திருப்தி. ஆய்வேட்டைக் கொடுத்து மாதங்களாகின்றன. பெங்களூருவில் கணவர் வீடு பார்த்து, எனக்கென்று ஜன்னலோரம் ஒரு மேசையும் வாங்கிப் போட்டிருக்கிறார். இங்கே என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை. போகும்போது எடுத்துப் போக வேண்டும் என்று மாமியார் மஞ்சளை இடித்து டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறார். அந்த டப்பா அடுக்களை ஜன்னலில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் வருகிறேன் என்று ஒவ்வொரு வாரமும் கணவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.