இருபது நாள் முடியும் சந்தனமும்

தறி நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. அதுதான் முதல் அறிகுறி. ஆர்.கே.பேட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. அந்தச் சத்தத்தில்தான் பிறந்தோம், தூங்கினோம். எனக்கு இருபத்திரண்டு வயதில் அது பேச ஆரம்பித்தது. சரோஜா, சோற்றைத் தொடாதே. சரோஜா, உன்னைப் பார்க்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குத் தெருவே தறியை நிறுத்தியபோதும் பேச்சு தொடர்ந்தது. நான் சாப்பிடுவதை விட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மந்திரித்துப் பார்த்து, கயிறு கட்டிப் பார்த்து, கடைசியில் நைனா (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) என்னைச் சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மனச்சிதைவு என்றார்கள் (இல்லாத குரல் கேட்பதும் எல்லோர் மேலும் சந்தேகம் வருவதுமான நோய்). மின் அதிர்வு சிகிச்சை கொடுத்தார்கள் (தலை வழியாகச் சில நொடிகள் மின்சாரம் செலுத்துவது). மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் மாதம் பேச்சு ஓய்ந்தது.

வார்டில் பேன் பரவியதால் எல்லோருக்கும் தலையை மழித்தார்கள். அதற்கு இருபது நாள் கழித்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த இருபது நாள் கணக்கை மறக்காதீர்கள்.

டாக்டரம்மா நைனாவை உட்காரவைத்துச் சொன்னார்: "மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. மாசாமாசம் கூட்டிட்டு வரணும். மூலையில உக்கார வைக்காதீங்க. வேலை குடுங்க, நாலு பேரோட பழக விடுங்க."

"ஆங், சரிங்கம்மா" என்றார் நைனா. அவர் எல்லாவற்றுக்கும் ஆங் சொல்லுவார்.

திருத்தணியில் ரயிலை விட்டு இறங்கினோம். ஊருக்கு பஸ் ஏறாமல், நைனா என்னை மலை அடிவாரத்துக்கு நடத்திக்கொண்டு போனார். குளத்தில் முழுகச் சொன்னார். ஒரு கிண்ணம் சந்தனம் வாங்கி, தம் கையாலேயே என் தலையில் அப்பினார்.

"யாரு கேட்டாலும் முருகனுக்கு முடி குடுத்தோம்னு சொல்லு. இத்தினி நாளு சித்தூர்ல அத்தை வூட்ல இருந்தே. கமலாவுக்கு மாப்ள பாத்துகினு இருக்கோம், புரியுதா?"

கமலா என் தங்கை. புரிந்தது. திருத்தணியில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? என்னைச் சுற்றி அங்கே நூறு மொட்டை. நைனாவின் மூளையை அன்று நான் மெச்சினேன், வெட்கக்கேடு!

சந்தனம் இரண்டு நாளில் உதிர்ந்தது. பொய்யை மட்டும் தினமும் காப்பாற்ற வேண்டியிருந்தது. மாத்திரை அரிசிப் பானைக்குள் இருந்தது. கதவைச் சாத்திய பிறகுதான் என் கைக்கு வரும். மாத்திரையால் கை நடுங்கியது. குடம் ஆடினால் கேள்வி வரும் என்று குழாயடிக்கு விடவில்லை. நூல் சுற்றவும் விடவில்லை. பழக விடுங்கள் என்றார் டாக்டரம்மா. இவர்கள் என்னை அடுப்பங்கரைக்குப் பழக்கினார்கள். மாசாமாசம் சென்னைக்குப் போனால் தெரு கேட்கும் என்று அதுவும் நின்றது. ஊரில் ஒரு மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி நைனா மாத்திரை வாங்கிவந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து மூன்று நாள் தங்கினார்கள். மூன்று நாளும் மாத்திரை இல்லை. அவர்கள் போனதும் அம்மா சொன்னாள், "அதான் நல்லா கீறியே, இன்னும் இன்னாத்துக்குடி அது?"

நானும் சரி என்றேன். அதையும் எழுதத்தான் வேண்டும். வாய் உலர்வதும் கை நடுங்குவதும் போனால் போதும் என்று இருந்தது எனக்கு.

ஐந்தாவது வாரம் தறி என் பெயரைச் சொன்னது.

இந்த முறை ஏழு மாதம். சேர்த்த அன்றே தலையை மழித்தார்கள். அனுப்புவதற்கு முன்னால் மறுபடியும் மழித்தார்கள். கமலாவின் கல்யாணம் இதற்கிடையில் முடிந்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னைச் சேர்த்த மூன்றாம் வாரம் பார்க்க வந்த அம்மாவின் விரல்களில் மருதாணி சிவந்திருந்தது. அதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

கூட்டிப்போக நைனா மட்டும் வந்தார். அவர் சட்டைப் பையில் ஒரு பொட்டலம். ஈரம் கசிந்து துணியில் மஞ்சள் கறை. சந்தனத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டார்.

திருத்தணியில் இறங்கியதும், "வா, குளத்தாண்ட போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

"வரல நைனா. போன தபா சந்தனம் பூசினே, மாத்திரை நின்னுபோச்சி. இந்தத் தபா மாத்திரையே போதும்."

"ஊர்ல இன்னான்னு சொல்றது?"

"ஆஸ்பத்திரில மழிச்சாங்கன்னு சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்."

பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை.

தெருமுனைக் குழாயடியில் எதிர்வீட்டு தனம் அக்கா குடத்தோடு நின்றிருந்தாள். "இன்னாடி சரோஜா, மறுபடியும் வேண்டுதலா?"

"இல்லக்கா. மெட்ராஸ்ல பைத்தியக்கார ஆஸ்பத்திரில இருந்தேன். அங்க மழிச்சாங்க. போன தபாவும் அப்டிதான்."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "தெரியும்டி. போன தபாவே தெருவுக்கே தெரியும். முடி குடுத்தவ தலை மழமழன்னு இருக்கும். உன் தலையில அரிசி நீளத்துக்கு முடி முளைச்சி, அதும் மேல சந்தனம் ஒட்டிகினு இருந்துச்சி. வருசம் பூரா மொட்டையப் பாக்கறவங்க நாங்க, எங்களுக்குத் தெரியாதா? உங்க நைனா மனசு நோவக் கூடாதுன்னுதான் ஒருத்தரும் கேக்கல."

நைனா என் பின்னால்தான் நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியானால் யாரிடமிருந்து அந்த மாத்திரையை ஒளித்தோம்? தெருவே சேர்ந்து நைனாவின் மனசைக் காப்பாற்றியது. என் மனசைக் காப்பாற்ற ஒரு மாத்திரை போதுமாக இருந்தது, அதை அரிசிக்குள் புதைத்துவைத்தோம்.

உங்கள் வீட்டுக்கும் ஒரு பெண்ணோ பையனோ இப்படித் திரும்பி வந்திருக்கலாம். அவர்களுக்காக ஊருக்குக் கதை கட்டாதீர்கள். மாத்திரையை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். என்னுடையது தறி மேடைமேல் தகர டப்பாவில் இருக்கிறது. கை இன்னும் நடுங்குகிறது. குடம் ஆடுகிறது, தண்ணீர் கொஞ்சம் சிந்துகிறது. மதியம் தெருவில் தறிகள் நிற்கும்போது ஒரு நொடி காது கொடுத்துக் கேட்பேன். சத்தம் நிற்கிறது. பிறகு சாப்பிட உட்காருவேன்.

நான் நாள்காட்டி பார்ப்பதில்லை. காலத்தை முடியால்தான் அளக்கிறேன்: காதைத் தொட்டபோது, தோளைத் தொட்டபோது என்று. இப்போது இடுப்பைத் தொடுகிறது. கமலா ஊருக்கு வந்தால் பின்னிவிடுவாள். போன முறை அவளிடம் கேட்டேன், "உன் கல்யாணத்தன்னிக்கு எனக்கு எவ்ளோ முடி இருந்துச்சி, தெரியுமா?"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

"அரிசி நீளம்" என்று நானே சொன்னேன்.