மேடம் கேட்க வந்த பேச்சு

போன வாரம் திருவண்ணாமலைத் தேரடி வீதியில் ஒரு கட்சிப் பொதுக்கூட்டம். ரிப்போர்ட்டர் வேலையை விட்டு நாளாகிவிட்டது. ஆனாலும் மைக் சத்தம் கேட்டால் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது... என்ன செய்ய?

பெண்கள் வரிசையின் ஓர நாற்காலியில் கலாவதி உட்கார்ந்திருந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். ஐ.ஏ.எஸ். அதிகாரி, சமீபத்தில்தான் ரிட்டயர் ஆனவர். அவர் கலெக்டராக இருந்தபோது பேட்டி எடுத்திருக்கிறேன்.

மேடையில் அவருடைய கணவர் — முன்னாள் எம்.எல்.ஏ. பேச்சுக்குப் பேர் போனவர்.

"மேடம், நீங்க இங்கியா?" என்றேன்.

"அவர் மேடையில பேசி நான் கேட்டதே இல்லீங்க. சர்வீஸ்ல இருந்தா கட்சிக் கூட்டத்துக்கு வரக்கூடாதே. இன்னிக்காவது கேட்டுடலாம்னு சென்னையிலேர்ந்து பஸ் ஏறி வந்துட்டேன்."

"சாருக்குத் தெரியுமா?"

"சொல்லல. சொன்னா மேடையில ஏத்தி சால்வை போட்டுடுவாரு!"

கல்யாணத்துக்குப் பிறகுதான் கணவர் அரசியலில் இறங்கினார். அன்றிலிருந்து கலாவதிக்கு இரண்டு வகைப் போஸ்டிங்தான். கணவரின் கட்சி ஜெயித்தால் நல்ல பதவி — 'வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது' என்பார்கள். தோற்றால், ஃபைலே வராத ஏதோ ஒரு துறை. எந்த ஆபீஸானாலும் அவர் உள்ளே நுழைந்ததும் சக அதிகாரிகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சரி, வீட்டில்? ஹாலில் உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர்களும் அதையேதான் செய்தார்கள். கடைசியில் அவர் சென்னை குவார்ட்டர்ஸில், கணவர் இங்கே என்று ஆகிப்போனது.

கூட்டத்தில் முக்கியப் பேச்சாளர் கடைசியில்தான் பேசுவார். அதுவரை மற்றவர்கள் விடுவார்களா? வட்டம், நகரம், ஒன்றியம்... ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு அரை மணி.

ஒருவழியாகக் கணவர் மைக்கைப் பிடித்தபோது மணி பத்தை நெருங்கிவிட்டது. கலாவதி நாற்காலி நுனிக்கு வந்தார்.

"மாவட்டச் செயலாளர் அவர்களே, நகரச் செயலாளர் அவர்களே..." — மேடையில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் கோபித்துக்கொள்வார்கள். அவர் யாரையும் விடவில்லை.

அப்போது ஒரு இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் வந்தார். கலாவதியைப் பார்த்ததும் சல்யூட்.

"மேடம், உங்க மாவட்டத்துல எஸ்.ஐ.யா இருந்தேன். பத்து மணி ஆச்சி, மைக்கை நிறுத்தச் சொல்லணும்... சார்தான் பேசறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா, கொஞ்ச நேரம் கண்டுக்காம இருந்துடறேன்."

கலாவதி மேடையைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார்.

"வேணாங்க. எல்லாருக்கும் ஒரே ரூல்தான். நிறுத்தச் சொல்லுங்க."

"பெரியோர்களே, தாய்மார்களே..." என்பதோடு மைக் அடங்கியது. கணவர் சிரித்தபடி கும்பிட்டார். நாற்காலிகளை மடக்கும் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

"ஏன் மேடம்? இதுக்குன்னுதானே வந்தீங்க?"

"சொல்லியிருந்தா, வீட்டுக்காரருக்காக மைக்கை ஓடவிட்டாங்கன்னு ஆயிடுமே. இத்தனை வருஷமா அதுக்குத்தானே பயந்தேன்."

மேடையைப் பார்த்து நடந்தார். நானும் கூடவே போனேன். கணவரைச் சுற்றிப் பெரிய கூட்டம். பேட்ஜ் குத்திய ஒரு தொண்டர் குறுக்கே கையை நீட்டினார்.

"யம்மா, எங்க போறே? வேன்ல வந்த லேடீஸ்லாம் அந்தப் பக்கம் போங்க. பொட்டலமும் அங்கதான் தர்றாங்க. தள்ளும்மா, அண்ணன் வண்டி வருது!"

நான் வாயைத் திறந்தேன். கலாவதி வேண்டாம் என்று தலையாட்டினார்.

கொடி கட்டிய கார் எங்களை உரசிக்கொண்டு போனது. உள்ளே அவர் கணவர், அந்தப் பக்க ஜன்னல் வழியாக யாருக்கோ கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். கலாவதி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்.

இன்னாருடைய மனைவி என்று யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்பதற்காக சர்வீஸ் முழுக்கப் பாடுபட்டவர்... அந்தத் தொண்டரிடம் மட்டும் நூற்றுக்கு நூறு!