பெடாக் செஜோக் தின்ற மாதங்கள்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது மனைவியின் கை. சமையலறை அலமாரியில் இருந்த கண்ணாடிப் போத்தலுக்குள் அது மணிக்கட்டு வரை போயிருந்தது. பிறகுதான் அவள் வாயைப் பார்த்தேன். எதையோ மென்றுகொண்டிருந்தாள். உதட்டோரத்தில் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் மெல்வதை நிறுத்தினாள், விழுங்கவும் இல்லை.

போத்தலில் இருந்தது பெடாக் செஜோக். முகத்துக்குப் பூசுகிற குளிர்ச்சி மாவு. அரிசியைப் பல நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, புளித்த பிறகு அரைத்து, பாண்டான் இலை வாசம் ஏற்றி, தட்டில் சின்னச் சின்னப் பொட்டுகளாக இட்டுக் காயவைப்பார்கள். இரண்டு பொட்டைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் வெயில் நேரத்தில் கன்னம் சில்லென்று இருக்கும். மலாக்காவில், காஜா பெராங்கில், எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் அதைச் செய்து எங்களுக்கும் கொடுப்பார். அவர் மலாக்காச் செட்டிக் குடும்பத்தவர். நெற்றியில் விபூதி, உடுப்பது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். பல தலைமுறைக்கு முன்னால் வணிகம் செய்ய வந்த தமிழர்களின் வழிவந்த அவர்கள் வீட்டில் தமிழ் சில சொற்களாக மட்டும் மிஞ்சியிருந்தது.

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு முந்திய மாதங்கள் அவை. நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்காச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். மூத்த மகனுக்கு ஒரு வயது. மனைவி அடுத்த குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள், ஆறாவது மாதம்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"தெரியலங்க. மழ பேஞ்ச மண்ணு வாசம் மாதிரி இருக்கு. வேணாம்னுதான் மூடி வைக்கிறேன், நாக்கு விட மாட்டேங்குது." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

போத்தல் சீக்கிரம் காலியாவதைப் பக்கத்து வீட்டு அம்மாளும் கவனித்திருந்தார். உன் பெண்டாட்டி முகத்துக்குப் பூசுகிறாளா, வீட்டுச் சுவருக்கு அடிக்கிறாளா என்று என்னிடம் மலாயில் கேட்டுச் சிரித்திருக்கிறார். பூசுகிறாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. கல்யாணத்தின்போது மாநிறத்துக்கும் ஒரு படி கீழே இருந்தவள் அந்த வருடம் வெளுத்துக்கொண்டே வந்தாள். குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து அவளுடைய சின்னம்மா வந்திருந்தபோது அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, எங்க கருப்பிய இப்படி வெளுக்க வச்சிட்டீங்களே. டவுன் தண்ணிக்கு அம்புட்டு சக்தியா?"

எல்லோரும் சிரித்தோம். அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கி வருவதற்குள் அவள் வழியில் உட்கார்ந்துவிடுவதை யாரும் நிறத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும் என்றார்கள். உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது என்று சொல்லிப் பக்கத்து வீட்டு அம்மாள் தைலம் தேய்த்துவிட்டார்.

அன்று காலை, ஜன்னல் வெளிச்சத்தில், அவள் நாக்கைப் பார்த்தேன். மாவைத் துடைத்த பிறகும் அது வெளிறியே இருந்தது. திரிஷா என்கிற மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றைக் கூப்பிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நாற்பது வயது இருக்கும், வெள்ளைச் சேலை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையை விரித்து ரேகைகளைப் பார்த்தார். பிறகு நகங்களை. கட்டைவிரல் நகம் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கிற மாதிரி இருந்தது. மூன்று வருடம் அந்தக் கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டை வாங்கியிருக்கிறேன். அந்தக் குழியை அன்றுதான் பார்த்தேன்.

"சோறு கறி தவிர வேற என்ன சாப்பிடுறனீர்? வெக்கப்படாமல் சொல்லும்."

அவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தாள். உள்ளே ஏழெட்டு வெள்ளைப் பொட்டுகள். அவள் அவற்றை எடுத்து வந்தது எனக்கும் தெரியாது.

டாக்டர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "நல்ல வாசம்" என்றார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது உம்மட ஆசை இல்லை, பிள்ளை. ரத்தத்தில இரும்பு குறைஞ்சால் நாக்கு இப்பிடித்தான் அலையும். சிலர் மண் தின்னுவினம், சிலர் ஐஸ் கடிப்பினம். உம்மில பிழை இல்லை."

மனைவி அப்போதுதான் அழுதாள்.

விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம் கண்ணாடிக் குழாயில் சிவப்பாக இல்லை, தண்ணீர் கலந்த ரோஜா சர்பத் போல இருந்தது. ரத்தச் சத்து நூறு சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பதுகூட இல்லை என்றார்கள். மலத்தில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. தோட்டத்தில் வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தவளா, பாதத்தில் அரிப்பு வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அது எல்லாருக்கும் வருமே என்றாள் இவள். அந்த அரிப்பு வழியாகத்தான் புழு உள்ளே போகிறது என்றும், குடலில் பல்லைப் பதித்து வருடக்கணக்காக ரத்தம் குடிக்கிறது என்றும் டாக்டர் விளக்கினார். வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்தியில் இவள் அன்றுவரை வெறுங்காலோடுதான் நின்று வேலை செய்தாள்.

"புழு ஒரு பக்கம் குடிக்குது. ஒரு பிள்ளை பெத்து உடம்பு தேற முந்தி அடுத்தது வயித்தில. ரத்தம் எங்க நிக்கும்?"

புழு மருந்து பிரசவத்துக்குப் பிறகுதான். இந்த உடம்பு அதைத் தாங்காது. இப்போதைக்கு இரும்பு மாத்திரை. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சாப்பாட்டோடு தேநீர் குடிக்கக் கூடாது. குழந்தையின் கைக்கு மாத்திரை எட்டக் கூடாது. ஈரல், கீரை, வேகவைத்த சிப்பி சாப்பிட வேண்டும். வீட்டில் பிரசவம் என்ற பேச்சே கூடாது. மூத்தவனைத் தெருக்கோடி மருத்துவச்சியை வைத்து வீட்டில்தான் பெற்றாள். இதையும் அப்படியே பெற வேண்டும் என்பது அவள் எண்ணம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அவள் முன்னாலேயே சொன்னார்: பிரசவத்தில் எல்லோருக்கும் போகிற ரத்தம் போனாலே இவளுக்கு மிச்சம் இருக்காது.

திரும்பும் வழியில் அவளுக்கு ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பர் வாங்கினேன். கீரைப்பாத்திக்கு அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து, பின்னால் யாரோ தட்டித் தட்டி நடந்து வருகிற மாதிரியே இருக்கிறது என்றாள்.

மாத்திரை பச்சை நிறம், சர்க்கரைப் பூச்சு. ஒரு வேளைகூடத் தவறவில்லை. நானே பார்த்தேன். ஆனால் சில வாரம் கழித்துப் போனபோது ரத்தம் ஏறியிருக்கவில்லை. டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

அவள் ஒளிக்காமல் சொன்னாள். இரும்பு சூடு என்று தெருவில் பெண்கள் சொன்னார்கள். சூடு கர்ப்பத்துக்கு ஆகாது. மலம் கறுத்ததும் உள்ளே எல்லாம் வெந்துபோகிறதோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மாத்திரையை விடவும் மனமில்லை. அதனால் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னும் சூட்டைத் தணிக்கக் குளிர்ச்சி மாவை ஒரு கைப்பிடி தின்றிருக்கிறாள். மற்ற நேரங்களில் போத்தலைத் தொடுவதில்லை என்பதையும் சொன்னாள். அது உண்மை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, நான் தாற இரும்பை நீர் மாவுக்குள்ள பொத்தி வைக்கிறீர். ரத்தத்துக்கு எப்பிடிப் போகும்? இன்னும் ஏழு கிழமைதான் இருக்கு."

அதற்குப் பிறகு ஊசி. இடுப்புச் சதையில் ஆழமாகப் போடுகிற இரும்பு ஊசி. போட்ட இடத்தில் துருப்பிடித்த மாதிரி பழுப்புக் கறை விழும். இரண்டு நாளுக்கு ஒரு முறை திரிஷாவில் போய் வந்தோம். கடைத்தெருவில் மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள், கொடிகள் வந்து இறங்கின. என் பத்திரிகைக்கு அதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அவள் திரிஷாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, கறை போகுமா என்று கேட்பாள். போகும் என்பேன். எனக்குத் தெரியாது.

மாவுப் போத்தலைப் பிடுங்கி வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அலமாரியிலேயே இருந்தது. மூன்றாவது ஊசியா நான்காவதா நினைவில்லை, அதற்கு மறுநாள் காலை அவள் ஒரு பொட்டை வாயில் போட்டு, உடனே உள்ளங்கையில் துப்பினாள். இன்னொன்றைப் போட்டுப் பார்த்தாள். அதையும் துப்பினாள்.

"என்னங்க இது, வெறும் மாவு" என்றாள்.

நான் எழுந்து போய் அவள் கையைக் கழுவிவிட்டேன். டாக்டரிடம் சொன்னபோது அவர் முதல் தடவையாகச் சிரித்தார். குழாயில் ரத்தம் சிவக்கும் முன்னால் நாக்கு சொல்லிவிடும் என்றார்.

மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்து, முகத்தைப் பாதி மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். உன்னை அழகாக்குகிறேன் என்றல்லவா நினைத்துக் கொடுத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து கடற்கரைக் குப்பமான உஜோங் பாசிரில் சிப்பி வாங்கி நன்றாக வேகவைத்து, மிளகாய் அரைத்துப் போட்டு அனுப்பினார். அது சூடா குளிர்ச்சியா என்று இவள் கேட்கவில்லை.

எட்டாம் மாத முடிவில் சின்னம்மா மறுபடி வந்தார்.

"என்னடி, திரும்பக் கறுத்துட்ட? மாப்ள சரியா கவனிக்கலயா?"

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூச்சு வாங்கவில்லை. நான் எண்ணெய் விளக்குத் திரியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மெர்டேக்கா அறிவிப்பு வந்து ஒரு வாரத்தில் வலி எடுத்தது. அவளே பையை எடுத்துவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ரத்தம் எழுபதுக்கு வந்திருந்தது. போதும் என்றும் டாக்டர் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. என் ரத்தம் பொருந்தியது. ஒரு போத்தல் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடுகிற நர்ஸ் என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து இனிப்புக் காப்பி கொடுத்தார். கதவு இரண்டு முறை திறந்தது. இரண்டு முறையும் துணி வாளியோடு ஓர் ஆயா மட்டும் வெளியே வந்தார். வாளியில் எவ்வளவு சிவப்பு என்று பார்த்தேன். எவ்வளவு என்றால் அதிகம் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிற்பகல் மூன்றரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐஸ் பெட்டியில் இருந்த போத்தல் மனைவிக்குத் தேவைப்படவில்லை. அடுத்த வார்டில் கால் நசுங்கிக் கிடந்த ஒரு லாரி ஓட்டுநருக்கு அதை ஏற்றினார்கள்.