மெலிந்த ஒன்று, பெருத்த ஏழு

பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றி ஒவ்வொரு காராக ஓடவிட்டு நேரம் குறிக்கும் ஆட்டோகிராஸ் போட்டி கண்டியில் நடந்தது. என் தங்கையின் கணவர் ஸ்டீபனும் நானும் முதன்முறையாகப் பெயர் கொடுத்தோம். காரில் ஒட்ட நான் ஆசைப்பட்ட எண் 7. "மச்சான், அத நான் காலையிலேயே எடுத்துட்டேனே" என்று அவர் சிரித்தபோது எனக்கு வயிறெரிந்தது. கடைசியில் 17 எடுத்தேன்.

பக்கத்து ஊரான கெலிஓயாவில் கறுப்பு ஸ்டிக்கர் வாங்கி நானே வெட்டினேன். 1ஐ விரலளவுக்கு மெலிதாகவும், 7ஐக் கார்க் கதவு நிறையவும் வெட்டி ஒட்டினேன். தூரத்தில் நின்று பார்த்தால் 7 மட்டுமே தெரிந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

நன்றாகவே ஓட்டினேன். ஆனால் முடிவுப் பலகையில் என் நேரம் ஸ்டீபனின் பெயருக்கு எதிரே இருந்தது. அவரே என்னை நேரம் குறிப்பவரிடம் கூட்டிப்போனார். "நான் இன்னும் ஓடவேயில்லைங்க. இது மச்சானோட நேரம்."

அந்த மனிதர் என் காரைப் பார்த்துவிட்டு, "பதினேழுல ஒன்ன மட்டும் ஏன் இப்படி மெலிசா வெட்டுனீங்க?" என்றார்.

"ஸ்டிக்கர் பத்தல."

நேரத்தை என் பெயருக்கு மாற்றினார்கள். ஸ்டீபன் தன் காரிலிருந்து ஸ்டிக்கர் சுருள் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். "எங்கிட்ட நிறைய மிச்சம் இருக்கு மச்சான். கேட்டிருக்கலாமே."

இப்போதெல்லாம் இரண்டு இலக்கங்களையும் ஒரே அளவில் வெட்டி, இருபதடி தள்ளி நின்று வேறொருவரை வாசிக்கச் சொல்கிறேன். ஸ்டீபனை மட்டும் வாசிக்கச் சொல்வதில்லை.