கோணல் பெடலோடு பெண் பார்க்கப் போனது

எழுபதுகளில் சைக்கிள் கம்பெனிக்காரர்களுக்கு ஏதோ பிடித்து ஆட்டியது. ஆளுக்கோர் அளவில் உதிரிப் பாகம் செய்து தள்ளினார்கள். ஒரு கம்பெனி நட்டு இன்னொரு கம்பெனி போல்ட்டைத் திரும்பியும் பார்க்காது. அப்பா காலத்து எங்கள் சைக்கிள் இந்தக் கூத்தில் அனாதையாகிவிட்டது.

அதன் காட்டர் பின் தேய்ந்து கழன்றது. பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் சின்ன ஆணி அது, பக்கத்துக்கு ஒன்று. வேலந்தாவளத்துச் சைக்கிள் கடை பாய் பழைய ஆணியைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த அளவெல்லாம் இப்ப வரதில்லீங்க தம்பி. புதுசு கொஞ்சம் தடிப்பம். அரத்துல ராவிப் போட்டுக்குங்க."

இரண்டையும் ராவினேன். மறுநாள் பெண் பார்க்கப் போகிற அவசரம். சந்தையில் தூரத்தில் பார்த்து, அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கேட்கச் சொன்ன பெண். இவள் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் சவடால் வேறு விட்டிருந்தேன். அந்த நினைப்பில் ஓர் ஆணியை அதிகமாக ராவிவிட்டேன். மாட்டிப் பார்த்தால் பெடல் இரண்டும் நேராக நிற்கவில்லை. வலது பெடல் அடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இடது பெடல் உச்சிக்கு வந்தபாடில்லை. ஓடினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் மாட்டு வண்டியில் முன்னாலேயே போய்விட்டார்கள். எனக்கு எதிர்க்காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு மாப்பிள்ளை என்றெல்லாம் இரக்கம் கிடையாது. எழும்பி எழும்பி மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஒரு பக்கமாக நொடித்தது. பெண் வீட்டார் வாசலில் நின்று அதை முழுசாகப் பார்த்தார்கள்.

பெண்ணின் அப்பா என் அப்பாவிடம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

"ஏனுங்க, பையனுக்குக் கால்ல ஏதாச்சும் கொறைங்களா?"

"காலெல்லாம் நல்லா இருக்குதுங்க. சைக்கிள்தானுங்க கோணல்."

"அப்படீன்னா கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் பெண்ணைத்தான் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அன்று நான் வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அத்தனை கண்களுக்கு முன்னால் நல்ல கால்களும் பின்னிக்கொண்டன. வேட்டி தடுக்கிற்று. உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எல்லாம் போச்சு, அழாத குறைதான்.

ஒருவழியாக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பெண் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மகன் நடந்ததற்குப் பழிவாங்குகிற மாதிரி என் அம்மா சொன்னாள்: "நீயும் ஒருவாட்டி நடந்து காட்டு கண்ணு."

அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"அவரு சைக்கிள்ல வந்தாருங்க, அதனால நடக்கச் சொன்னாங்க. நான் சமையக்கட்டுல இருந்து நடந்துதானுங்களே வந்தேன்?"

அம்மா காப்பியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள். முகூர்த்தத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையே வாய்விட்டுக் கேட்கக் கூடாது. நான் கேட்டேன்.